குளிர்கால அறையும் ஸ்டீம் ஹ்யூமிடிஃபையரும்

(தில்லியில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டு நின்றபோது நாலு பேர் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உங்காத்துல ஆவி விடற மெஷின் வெச்சிருக்கேளாமே, அதனால பிரயோஜனம் உண்டா? நாங்களும் வாங்கலாமா?" நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் காரியதரிசி இந்த மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டதும் இதையே எடுத்துக்கொண்டேன். நான் 31 வருஷம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன். இந்த இயந்திரமும் ஒரு குட்டி பாய்லர்தான். ஆகையால் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மார்கழி மாதம் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு தெரியாத மூடுபனி. காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல் என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியிருக்க, அறைக்குள் உதடு வெடிப்பானேன், மூக்கு காய்வானேன்? ஹீட்டர் ஈரத்தைக் குடித்துவிடுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஹீட்டர் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது, சூடான காற்றால் முடியும். விஷயம் அவ்வளவுதான். 7 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுக்க நிரம்பியிருந்தாலும் அதில் சுமார் 7.8 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்றை 24 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 21.8 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பது அதே 7.8 கிராம். ஆக 100 சதவீதமாக இருந்த ஈரப்பதம் சுமார் 36 சதவீதமாக இறங்கிவிடுகிறது. சின்னப் பாத்திரத்தில் தளும்பிய பாலைப் பெரிய பாத்திரத்தில் கொட்டின மாதிரி. பால் குறையவில்லை, பாத்திரம் பெரிதாகிவிட்டது. அந்தக் காற்று தன் குறையை நம் மூக்கிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்துத் தீர்த்துக்கொள்கிறது.

இதிலிருந்தே முதல் வைத்தியம் புரியும். ஹீட்டரைக் குறையுங்கள். 24 டிகிரி வேண்டாம், 19 போதும், ரஜாய் எதற்கு இருக்கிறது? அதே காற்று 19 டிகிரியில் 48 சதவீத ஈரத்தோடு இருக்கும். காலணா செலவில்லை. இதைச் செய்து பார்க்காமல் யாரும் கடைக்குப் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் இது மட்டும் போதவில்லை. என் தாயாருக்கு இப்போது 86 வயது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பினாள். தலையணை உறை முழுக்க ரத்தம். மூக்கிலிருந்து. அவள் இருதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவள், லேசில் நிற்கவில்லை. இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். நாங்கள் கிளம்பினோம்.

அங்கே இருந்த காது மூக்கு தொண்டை டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி ஹீட்டர் போடுகிறீர்களா?" என்பதுதான். மூக்கின் உட்தோல் காய்ந்து வெடித்திருக்கிறது, மாத்திரையை நிறுத்த முடியாது, அறையின் வறட்சியைத்தான் குறைக்க வேண்டும் என்றார். மூக்கில் விட உப்பு நீர்ச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஹீட்டரைக் குறைத்தோம். ஆனால் 86 வயது உடம்பு குளிர் தாங்காது, ரொம்பவும் குறைக்க வழியில்லை. ஹீட்டர் பக்கத்தில் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். ராத்திரி முழுக்க வைத்தும் கொஞ்சமே குறைந்தது. அப்புறம்தான் ஹ்யூமிடிஃபையர்.

கடைக்குப் போனால் பெரும்பாலும் காட்டுவது அல்ட்ராசானிக் வகையை. ஒரு சிறு தகடு மிக வேகமாக அதிர்ந்து தண்ணீரைப் புகை மாதிரி தூவும். 25, 30 வாட்தான் ஆகும், சத்தம் கிடையாது, சுடாது, கலர் கலராக விளக்கு எரியும். ஆனால் அது தூவுவது ஆவி அல்ல, தண்ணீரின் நுண்ணிய துளி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும், வளர்ந்திருக்கும் கிருமியும் துளியோடு சேர்ந்து வெளியே வரும். நம் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இரண்டு நாளில் கறுப்பு மேஜை மேல் வெள்ளைத் தூள் படியும். மேஜையில் படிவது நுரையீரலிலும் படியும் அல்லவா? வாலை வடித்த தண்ணீரை வாங்கி ஊற்ற முடிந்தவர்களுக்கும், தினமும் தேய்த்துக் கழுவ முடிந்தவர்களுக்கும் அந்த வகை சரி.

ஸ்டீம் வகையில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் வெளியே வரும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். கிருமி கொதியில் செத்துவிடும். விலை என்னவென்றால் மின்சாரம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் யூனிட் கரண்ட் ஆகும். இதில் எந்தக் கம்பெனியும் மாயம் செய்ய முடியாது. மற்றதுக்கு 30 வாட்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தத் துளிகள் ஆவியாகவும் உஷ்ணம் வேண்டும். அதை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், அறை குளிரும், உங்கள் ஹீட்டர் கூடுதலாக ஓடும். மீட்டரில் வேறு வழியாகக் கணக்கு வந்து சேரும்.

இன்னொரு பொருளோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜலதோஷத்துக்கு முகத்தில் ஆவி பிடிக்கிற வேப்பரைசர் பல வீடுகளில் இருக்கும். அதில் பல மாடல்களில் காயில் கிடையாது. இரண்டு கம்பிகள் தண்ணீரில் முங்கியிருக்கும், கரண்ட் தண்ணீர் வழியாகவே பாயும். அதனால்தான் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் அது லேசில் கொதிப்பதில்லை, ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்கிறார்கள். உப்பு அதிகமானால் பொங்கித் தெறிக்கும். பிளக்கை எடுக்காமல் அந்தத் தண்ணீரில் விரல் பட்டால் ஷாக் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் உபயோகிக்க அது சரி. அதை அறையில் ராத்திரி முழுக்க ஓட விட்டுத் தூங்குவது கூடவே கூடாது.

எதைப் போட்டால் என்ன, நல்ல மருந்துதானே என்று தண்ணீரில் தைலம், சூடம், பினாயில் என்று கலக்கிறவர்கள் உண்டு. தென் கொரியாவில் 1994 முதல் ஹ்யூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கவென்றே கிருமிநாசினி விற்றார்கள். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், குழந்தை இருக்கும் வீடுகளில்தான் அதை விரும்பி வாங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் காரணம் தெரியாமல் நுரையீரல் கெட்டது. 2011-ல்தான் அரசாங்கம் ஆராய்ந்து, அந்தக் கிருமிநாசினிதான் காரணம் என்று கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தியது. அதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. தொட்டியில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

இப்போது பராமரிப்பு. பாய்லர் வேலையில் பாதி தண்ணீர் வேலை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இங்கேயும் அதேதான்.

எங்கள் குடியிருப்பில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டும். அதாவது ஒரு லிட்டரில் முக்கால் கிராமுக்கு மேல் கரைந்த உப்பு. அம்மா அறையில் ஒரு ராத்திரிக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. அறுபது ராத்திரிக்கு 90 லிட்டர். ஆவி போய்விடும், உப்பு போகாது. கணக்குப் போட்டால் 81 கிராம். ஒரு கைப்பிடிக்கு மேல் கல், உள்ளங்கை அகல அறைக்குள். அதுவும் கடினநீர் கொதிக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு, காயில் மேலேயே போய் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில் தானே சூடேறி எரிந்து போகும். கெய்சர் காயில் மாற்றினவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால், எங்கள் வீட்டு அளவு 80, அதே 90 லிட்டருக்கு 7 கிராம்தான். ஆகவே காயில் வகைக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் உத்தமம். ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கி, ஆறின பிறகு, மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசிக் கவிழ்க்க வேண்டும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அடியில் உப்பு கெட்டியாகிக்கொண்டே வரும். பாய்லரில் அந்தத் தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுவதற்கு ப்ளோ டவுன் என்று பெயர். கோடி ரூபாய் பாய்லருக்கே செய்கிறோம். தவிர, கொதிக்கிற அறையில் கிருமி இருக்காதே ஒழிய, மேல் தொட்டியில் நிற்கும் தண்ணீரில் வழவழப்பு ஏறத்தான் செய்யும்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், உப்பு எடுக்க வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், சிட்ரிக் ஆசிட். இங்கே நிம்பு சத் என்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக் கரண்டி கரைத்து, காயில் முங்கும்படி ஊற்றி அரை மணி வைக்க வேண்டும். குமிழ் குமிழாக வரும், அது சுண்ணாம்பு கரைகிற அடையாளம். குமிழ் நின்ற பிறகு மெத்தென்ற பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று தண்ணீர் அலச வேண்டும். ஊறும்போது ஸ்விட்ச் போடக் கூடாது. வெள்ளை வினிகரும் இதே வேலையைச் செய்யும், இரண்டு நாளைக்கு அறையில் ஊறுகாய் வாசனை வரும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அது போடலாமா என்று என் மனைவி கேட்டாள். புளியிலும் அமிலம் இருக்கிறது, கேள்வி நியாயமானதுதான். ஆனால் சக்கை அடைத்துக்கொள்ளும், வேண்டாம் என்றேன். இரும்பு நார், கத்தி முனை எதையும் காயிலில் வைக்காதீர்கள். முக்கியமாக, பிளீச்சிங் திரவத்தையும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

எங்கள் இயந்திரம் முதல் குளிர்காலத்திலேயே ஒரு நாள் ஆவி விடுவதை நிறுத்திவிட்டது. வாடகைக்கு இருந்த மேல்வீட்டுப் பையன் தயவில் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம். காயில் போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள், பழையதுக்கு 300 ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி யோசிக்கிறேன் என்று திருப்பி எடுத்து வந்து, எலுமிச்சை உப்பு போட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காயில் போகவில்லை. படிவு ஏறி அளவுக்கு மேல் சூடாகி, பாதுகாப்பு கட் அவுட் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதே இயந்திரம் இன்றும் ஓடுகிறது. யாராவது காயில் போய்விட்டது என்று சொன்னால் முதலில் ஐந்து ரூபாய்க்கு எலுமிச்சை உப்பு வாங்கிப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஓட விடுவது? இதை மூக்கைக் கேட்டுச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்தான். இயந்திரத்தை வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இதை வாங்கி அறையில் வையுங்கள். 40-க்கு மேல் காட்டினால் உங்களுக்கு இயந்திரமே வேண்டாம். கருவி சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் மாதிரி ஆக்கி, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு நாள் கழித்து 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், எப்போதும் ஐந்து கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

அறையில் 40-லிருந்து 50 வரை இருந்தால் போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறைக்கு மணிக்கு 100 மில்லி ஆவி தாராளம். கடையில் கிடைக்கும் 250 வாட் இயந்திரம் மணிக்கு 300 மில்லிக்கு மேலேயே விடும். ஆகவே குறைந்த நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் விட்டு விட்டு ஓட்டுங்கள். 60-ஐத் தாண்டினால் வேறு வம்பு. வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், அதில் ஆவி படிந்து வியர்க்கும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். பட்டுப் புடவையும், சுவரில் மாட்டின தஞ்சாவூர்ப் படமும் கெடும். தூசிப் பூச்சி பெருகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது வறட்சியைவிடக் கெடுதல், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்தால் ராத்திரி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வீணை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். ரொம்ப வறண்டாலும் மரம் வெடிக்கும், ஆவி நேராகப் பட்டாலும் மெழுகு இளகும். கருவியை அந்த அறையில் வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு முதலில் இந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகவில்லை. "என்னடா இது, அடுப்பை அணைக்காம படுத்துண்ட மாதிரி ராத்திரி பூரா தளதளன்னு ஒரு சத்தம்? ஜலம் வத்திப்போனா என்ன ஆகும்?" என்றாள். அறுபது வருஷம் சமையலறையில் நின்றவள் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். வாங்கும்போது நீங்களும் அதையே கேளுங்கள். தண்ணீர் வற்றினால் தானே நிற்குமா? கடைக்காரர் சொன்னால் போதாது. வீட்டுக்கு வந்ததும், பகலில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை வற்ற விட்டுப் பார்த்துவிடுங்கள். நாங்கள் அம்மா கண் முன்னாலேயே செய்து காட்டினோம். அதற்குப் பிறகுதான் சம்மதித்தாள். அந்தக் குளிர்காலத்தில் மிச்ச நாட்களில் ஒரே ஒரு தடவை லேசாக ரத்தம் எட்டிப் பார்த்தது, போன வருஷம் இல்லவே இல்லை. இயந்திரத்தாலா, சொட்டு மருந்தாலா, ஹீட்டரைக் குறைத்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் விடவில்லை.

சிறு குழந்தை உள்ள வீடு என்றால் ஸ்டீம் வகை வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே, சூட்டுக் காயத்துக்குப் பயந்து, குழந்தைகள் அறைக்குக் குளிர்ந்த வகையைத்தான் சிபாரிசு செய்கிறது. வாய் வழியாக வரும் ஆவியைவிட, தட்டிக் கவிழ்த்துக்கொள்ளும் கொதிநீர் ஆபத்து. டிசம்பர் லீவில் பேரன் வந்தால் எங்கள் வீட்டில் இயந்திரம் பரணுக்குப் போய்விடும். பாட்டிக்குச் சொட்டு மருந்து மட்டும். பெரியவர்கள் மட்டும் இருந்தாலும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிற வழியில் ஒயர் கிடக்கக் கூடாது. கட்டிலிலிருந்து நாலடி தள்ளி, ஆடாத ஸ்டூலில் வையுங்கள். 2000 வாட் ஹீட்டரையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகாதீர்கள். இன்வெர்ட்டரிலும் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து பெண்ணோ பிள்ளையோ வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது ஒன்று இருக்கிறது. அது 120 வோல்ட். பிளக்குக்கு அடாப்டர் மாட்டி நம் 230-ல் செருகினால், காயில் இழுக்கும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நாலு மடங்கு. சில விநாடியில் புகை வரும். அடாப்டர் துளையைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் இயந்திரத்தின் வாட்டைவிடப் பெரிதாக. அதற்காகும் செலவில் இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

மாசி பிறந்து ஹீட்டர் தேவையில்லை என்று ஆனதும் இதையும் நிறுத்திவிடலாம். கடைசியாக ஒரு முறை உப்பெடுத்து, திறந்தபடி இரண்டு நாள் வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்தி, துளி ஈரம் இல்லாமல் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் மழைக்காலத்துக்குள் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாமி, "நாங்க ரிடையராகிச் சென்னைக்கே போறோம், இதை எடுத்துண்டு போகலாமா?" என்று கேட்டார். அங்கே காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இது வேண்டவே வேண்டாம், ஏசி போட்ட அறைக்கும் வேண்டாம், இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். கொடுக்கிறதுக்கு முன்னால் உப்பெடுத்துக் கொடுங்கள் என்றும் சொன்னேன்.